மாவு ஒன்று, ஈடு நூறு: தொடர் நாவல் எப்படி இயங்குகிறது?

திங்கட்கிழமை திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் மனு நாள். செங்கம், போளூர், வந்தவாசிப் பக்கமிருந்து முதல் பஸ் பிடித்து வருகிறவர்களுக்கு வேங்கிக்காலில் இறங்கியதும் கண் போவது டிபன் கடைப் பக்கம்தான். ஏழரை மணிக்கு இலையில் இட்லி விழ வேண்டும். ஒன்பது மணிக்கு எவ்வளவு மெத்தென்று வந்தாலும் பிரயோசனமில்லை. சாப்பிட வேண்டியவர் அதற்குள் மனுவைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றிருப்பார்.

ஆகவே கடைக்காரருக்கு அந்தத் திங்கட்கிழமை ஞாயிறு மதியமே தொடங்கிவிடுகிறது. அரிசிக்கும் உளுந்துக்கும் நாலுக்கு ஒன்று கணக்கு. கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ஊறப்போட்டு, சாயங்காலம் ஆட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து, ராத்திரி முழுக்க அதன் பாட்டுக்கு விட்டுவிட வேண்டும். ஏழரை மணியிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டே போய்க் கட்டிய சமையலறை அது. சாப்பிடுகிறவர் கண்ணில் படுவது தட்டு மட்டும்.

தொடர் நாவல் எழுதிப் பிழைக்கிறவரின் வாழ்க்கையை இந்தச் சமையலறைக்குள் வைத்துப் பார்த்தால் பல விஷயங்கள் விளங்கும். விமர்சகர்கள் ஒரே ஒரு இட்லியை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் என்ன பெரிய கலை என்று கேட்பார்கள். நாற்பது வருஷம் தினமும் அதே நேரத்துக்கு, அதே ருசியில், எப்படி வருகிறது என்பது எனக்கு அதைவிடச் சுவாரசியமான கேள்வியாகப் படுகிறது.

நார்வேயில் மார்கிட் சாண்டெமோ என்றொரு அம்மா இருந்தார். பிறந்தது 1924. வாரப் பத்திரிகையில் முதல் தொடர்கதை வரும்போது அவருக்கு வயது 40. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் தொடர்கதைகளாக எழுதிக்கொண்டிருந்தவர், 1982-இல், 58 வயதில், பனி மக்களின் சரித்திரம் என்ற வரிசையைத் தொடங்கினார். 1989-க்குள் 47 நாவல்கள். சராசரியாக இரண்டு மாதத்துக்கு ஒன்று. பெரிய புத்தகக் கடைகளில் அலங்காரமாக அடுக்கி வைத்து விற்றவை இல்லை அவை. பேப்பர், சிகரெட், மிட்டாய் விற்கிற பெட்டிக் கடைகளில் தொங்கியவை. விற்பனை கோடிக் கணக்கில் போனது. அன்றைய நார்வேயின் மொத்த ஜனத்தொகையே நாற்பது லட்சம் சொச்சம். நம் திருவண்ணாமலை மாவட்டத்தின் 2011 கணக்கை இரண்டால் பெருக்கினால் அதைத் தாண்டிவிடும். அக்கம்பக்கத்து நாடுகள் சேர்ந்து வாங்காமல் அந்தக் கணக்கு வராது.

அந்த வரிசைக்கு முன்பே அதே நாட்டில் ஷெல் ஹால்பிங் என்ற வங்கி ஊழியர், லூயிஸ் மாஸ்டர்சன் என்ற புனைபெயரில், மார்கன் கேன் என்னும் அமெரிக்க மார்ஷலை வைத்துக் குதிரையும் துப்பாக்கியுமாக 83 நாவல்கள் எழுதினார். நார்வேயில் இருந்துகொண்டு டெக்சாஸ் கதை. வாசகர்கள் கோபித்துக்கொள்ளவில்லை, சண்டை போட்டு வாங்கினார்கள்.

நம் பக்கத்தில் இந்த வரிசையில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ராஜேஷ்குமார். 1947-இல் கோயம்புத்தூரில் பிறந்த ராஜகோபால். முதல் நாவல் ‘வாடகைக்கு ஓர் உயிர்’ 1980-இல் மாலைமதியில் வந்தது. இதுவரை 1,500 நாவல்களுக்கு மேல், சிறுகதைகள் தனி. வகுத்துப் பாருங்கள்: மாதத்துக்கு மூன்றை ஒட்டி, நாற்பது வருஷத்துக்கு மேல், விடாமல். வெட் கிரைண்டருக்குப் பேர்போன ஊரிலிருந்து இப்படி ஒருவர் வந்தது பொருத்தம்தான்.

திருவண்ணாமலையில் இருந்துகொண்டு பாக்கெட் நாவலைப் பற்றி மரியாதையாகப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். வம்சி புக்ஸும் பவா செல்லதுரையின் கதை சொல்லலும் இருக்கிற ஊர். இங்கே இலக்கியம் என்றால் வேறு. ஆனால் இந்த வியாபாரத்தின் தமிழ் முன்னோடிகளில் ஒருவர் நம் மாவட்டத்துக்காரர் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆரணி குப்புசாமி முதலியார். ஊரைப் பெயரிலேயே தூக்கிக்கொண்டு போனவர். 1915-இல் தொடங்கிய ஆனந்தபோதினியின் ஆசிரியராக இருந்தார். ரெயினால்ட்ஸ் போன்றவர்களின் ஆங்கில மர்ம நாவல்களை எடுத்து, ஆட்களுக்கும் ஊர்களுக்கும் நம் பெயர் வைத்து, நம் குடும்பச் சண்டைகளைச் சேர்த்து எழுதித் தள்ளினார். ‘இரத்தினபுரி ரகசியம்’ பாகம் பாகமாக நீண்டுகொண்டே போனது. அந்த ரெயினால்ட்ஸ் யார் என்றால், 1844 முதல் லண்டனில் வாரம் ஒரு பென்னிக்குத் தொடர் மர்மக் கதை விற்றவர். ஆக ஆரணிக்கு வந்து சேர்ந்தது கதை மட்டுமில்லை, அதைச் சமைக்கிற பாத்திரமும்தான்.

முதலியார் 1925-இல் மறைந்தார். அதற்குள் ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘ராஜாம்பாள்’, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’ எல்லாம் வீட்டுக்கு வீடு நுழைந்திருந்தன. ‘மேனகா’ 1935-இல் சினிமாவாகவும் வந்தது.

மாவு

தினமும் புதிதாக ஒரு பலகாரம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தால் எந்தக் கடையும் ஒரு மாசம் தாங்காது. அண்டா நிறைய மாவு தயாராக இருக்கிறது. அதிலிருந்து இட்லி, கொஞ்சம் நீர்த்தால் தோசை, வெங்காயம் தூவினால் ஊத்தப்பம், மிஞ்சினால் குழிப்பணியாரம். தொடர் நாவலில் அந்த மாவுதான் நிரந்தரப் பாத்திரங்கள். ராஜேஷ்குமாருக்கு விவேக், ரூபலா, கூடவே வாயாடி விஷ்ணு. சுஜாதாவுக்கு கணேஷ், வசந்த். பட்டுக்கோட்டை பிரபாகருக்கு பரத், சுசீலா. சுபா என்ற பெயரில் எழுதிய சுரேஷ், பாலகிருஷ்ணன் இருவருக்கும் நரேந்திரன், வைஜயந்தி. அவர்களுக்கெல்லாம் முன்பு தமிழ்வாணனுக்கு சங்கர்லால், கையில் தேநீரோடு.

இதனால் எழுத்தாளருக்கு என்ன லாபம்? ஒரு நாவலில் மிகவும் சிரமமான வேலை ஆளை அறிமுகப்படுத்துவது. அவன் எப்படிப்பட்டவன், ஏன் அவன்மேல் நமக்கு அக்கறை வர வேண்டும் என்று நம்ப வைப்பதற்கே முப்பது பக்கம் தின்றுவிடும். விவேக் ஜீப்பிலிருந்து இறங்கினார் என்று எழுதினால் அந்த முப்பது பக்கமும் மிச்சம். வாசகரே பாதி வேலையைச் செய்துவிடுகிறார்: ரூபலாவுக்கு இப்போது கோபம் வரும், விஷ்ணு இந்த இடத்தில் ஒரு கடி ஜோக் அடிப்பான் என்று காத்திருக்கிறார். எதிர்பார்த்தது வந்தால் சந்தோஷம். வராவிட்டால் அதுவே ஒரு திருப்பம்.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இந்த நாயகர்களின் தொழிலைப் பாருங்கள். போலீஸ், வக்கீல், துப்பறியும் நிறுவனம். கணேஷ் வக்கீல், விவேக் குற்றப் புலனாய்வு அதிகாரி, பரத்தும் சுசீலாவும் நடத்துவது மூன்லைட் ஏஜென்சி, நரேந்திரன் வேலை செய்வது ஈகிள்ஸ் ஐயில். காரணம் எளிது. பிரச்சினை தானாக வந்து கதவைத் தட்ட வேண்டும். கலெக்டர் ஆபீஸ் கிளார்க் ஒருவரை நாயகனாக வைத்தால் அவர் ஒரு கொலையில் மாட்டிக்கொள்ளலாம். அடுத்த மாதமும் மாட்டிக்கொண்டால் ஜனங்கள் சிரிப்பார்கள். எழுத்தாளர் தேவன் அந்தச் சிரிப்பையே மூலதனமாக்கினார். அவருடைய சாம்பு ஒரு வங்கி குமாஸ்தா. துப்பறிதல் அவன்மேல் தற்செயலாக வந்து விழுந்துகொண்டே இருக்கும். அது தேவனுக்குக் கை வந்தது. மற்றவர்கள் புத்திசாலித்தனமாக ஆபீஸ் போர்டு மாட்டிய நாயகர்களை வைத்துக்கொண்டார்கள்.

சாண்டெமோவின் மாவு வேறு பக்குவம். அவருக்கு நிரந்தர நாயகனே கிடையாது. 1581-இல், பிளேக் நோய் பரவிய டிரான்ட்ஹைம் நகரத்தில் சீல்யே என்ற அநாதைப் பெண்ணிடம் கதை தொடங்குகிறது. அவள் போய்ச் சேர்கிற குடும்பத்துக்கு ஒரு சாபம். மூதாதை ஒருவன் சாத்தானோடு செய்துகொண்ட உடன்படிக்கையால், ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பிள்ளை சபிக்கப்பட்டுப் பிறக்கும். இந்த ஒற்றை ஏற்பாட்டைக் கவனியுங்கள். அலுத்துப்போன ஆட்களைச் சாகவிடலாம், புது ஆட்களைக் கொண்டுவரலாம், நூற்றாண்டையே மாற்றலாம். யார் அந்தப் பிள்ளை என்ற கேள்வி மட்டும் அடுத்த புத்தகத்துக்குக் கடந்து போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் பழைய மாவை மிச்சம் வைத்துப் புது மாவில் கலக்கிறோமே, புளிப்பு ஏறுவதற்கு, அந்த வேலையை அங்கே சாபம் செய்கிறது. நானூறு வருஷத்துக் கதைக்கு இதைவிடச் சிக்கனமான இயந்திரத்தை நான் பார்த்ததில்லை. ஒப்பிட்டால், வயதே ஏறாத விவேக் கொஞ்சம் பாவம். உலகம் தந்தியிலிருந்து செல்போனுக்கு வந்துவிட்டது. அவர் அப்படியே இருக்கிறார்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. ரமணிசந்திரன் 150 நாவல்களுக்கு மேல் எழுதினார்; எதிலும் தொடர்ந்து வரும் நாயகன் இல்லை. ஆனால் அட்டையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் வாங்குகிறவருக்கு உள்ளே என்ன கிடைக்கும் என்று தெரியும்: கௌரவமான பெண், வீறாப்பான ஆண், தப்பாகப் புரிந்துகொண்ட ஒரு விஷயம், கடைசியில் கல்யாணம். இங்கே எழுத்தாளர் பெயரே மாவாகிவிட்டது. அப்படி ஆகிவிட்டால் எழுத்தாளருக்கு ஒரு கஷ்டம்: ஒரு நாள் மனசு மாறிப் பொங்கல் போட்டால்கூட, வந்தவர், “அண்ணே, எப்பவும் போடுறதையே போடுங்க” என்பார்.

இரண்டு அடுப்பு

ராஜேஷ்குமார் நாவல் பத்தைத் தொடர்ச்சியாகப் படித்தவர்களுக்கு அந்த வடிவம் விரல் நுனியில் இருக்கும். முதல் அத்தியாயம் ஓர் ஊரில், ஒரு குடும்பத்தில். இரண்டாவது அத்தியாயம் சம்பந்தமே இல்லாத வேறு ஊர், வேறு ஆட்கள். மூன்றாவது மறுபடி முதல் ஊர். இப்படி மாறி மாறிப் போய், கடைசி நாலைந்து பக்கத்தில் இரண்டும் ஒரே இடத்தில் வந்து மோதும். ஒரு அடுப்பில் இட்லிப் பானை, இன்னொன்றில் சாம்பார். இரண்டும் தனித்தனியாக வேகின்றன, இலையில்தான் சந்திக்கின்றன.

இதை வெறும் உத்தி என்று ஒதுக்கிவிடுவார்கள். எழுதிப் பார்த்தால்தான் இது எத்தனை சிக்கல்களை ஒரே அடியில் தீர்க்கிறது என்று தெரியும். ஒற்றைக் கோட்டில் போகும் மர்மக் கதையில் சஸ்பென்ஸுக்காக எழுத்தாளர் எதையாவது ஒளிக்க வேண்டும். கதவைத் திறந்தவள் வீல் என்று அலறினாள் என்று முடித்துவிட்டு, அடுத்த அத்தியாயத்தில் உடனே கதவுக்குப் பின்னால் இருந்ததைச் சொல்லியாக வேண்டும். சொன்னால் பதற்றம் தீர்ந்துபோகும், சொல்லாவிட்டால் ஏமாற்று வேலை என்று வாசகர் முகம் சுளிப்பார். இரண்டு தடம் இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை. அலறலை அப்படியே விட்டுவிட்டு அடுத்த அடுப்புக்குப் போய்விடலாம். அங்கே ஒரு அத்தியாயம் நேர்மையாக வேகும்போது இங்கே அலறல் தானாகவே புளித்துப் பொங்கிக்கொண்டிருக்கும்.

அதோடு, இரண்டு தடத்துக்கும் என்ன சம்பந்தம் என்ற மூன்றாவது மர்மம் இலவசமாகக் கிடைக்கிறது. கொலை யார் செய்தது என்பதை அனுபவமுள்ள வாசகர் முப்பதாவது பக்கத்திலேயே ஊகித்துவிடலாம். ஆனால் ஊட்டி எஸ்டேட்டில் நடப்பதற்கும் சென்னை ஆஸ்பத்திரியில் நடப்பதற்கும் என்ன தொடர்பு என்று ஊகிப்பது அவ்வளவு சுலபமில்லை. வேகமாக எழுதுகிறவருக்கும் சௌகரியம்: ஒரு தடத்தில் கை நின்றுபோனால் மற்றதில் தொடரலாம். மாதம் மூன்று நாவல் எழுதுகிறவருக்கு, அடுத்த பத்தி வரவில்லை என்று ஜன்னலைப் பார்த்து உட்கார நேரமேது?

சட்னி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், சந்தையிலிருந்து. அன்றைக்கு என்ன வந்திருக்கிறதோ அது. ‘ஏழாவது டெஸ்ட் டியூப்’ என்று ராஜேஷ்குமாரின் தலைப்பைப் பார்த்தாலே போதும், செய்தித்தாளில் புதிதாக அடிபடும் அறிவியல் சமாச்சாரம் அப்படியே கதைக்குள் வந்துவிடும். கல்லூரிப் படியேறாத பல வாசகர்கள் தடயவியலையும் மரபணுவையும் முதலில் கேள்விப்பட்டது இந்த நாவல்களில்தான் என்று நான் நினைக்கிறேன்.

தட்டின் குழி

இட்லித் தட்டில் குழி இவ்வளவுதான். மாவு எவ்வளவு அருமையாக இருந்தாலும் வழிய ஊற்ற முடியாது. ராணிமுத்து, மாலைமதி, ஜி. அசோகன் நடத்திய பாக்கெட் நாவல், கிரைம் நாவல் இவற்றுக்கெல்லாம் பக்கக் கணக்கு உண்டு. மட்டமான தாள், நடுவில் பின், சட்டைப்பைக்கோ கைப்பைக்கோ தோதான அளவு. திருவண்ணாமலையில் பஸ் ஏறினால் விழுப்புரமோ வேலூரோ வருவதற்குள் முடிந்துவிட வேண்டும். நல்ல மாத நாவல் என்பது ஒரு பஸ் பயண நீளம்.

கதை அந்த நீளத்துக்குத்தான் வளரும். அதனால்தான் வர்ணனை குறைவு, உரையாடல் அதிகம், வாக்கியங்கள் ஒரு மூச்சு நீளம். குலுங்குகிற பஸ்ஸில், மங்கலான வெளிச்சத்தில், பக்கத்தில் குழந்தை அழ, படிக்கிறவருக்கு வரி தவறினாலும் மறுபடி பிடித்துக்கொள்ள முடிய வேண்டும். அந்த நடையைச் சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் அதை எங்கே வைத்துப் படித்தார்கள் என்று யோசிப்பதில்லை.

அட்டை ஒரு தனிக் கலை. ஜெயராஜின் பெண்கள், மாருதியின் பெண்கள், பிற்காலத்தில் ஷ்யாமின் கம்ப்யூட்டர் கைவண்ணம். கதைக்கும் அட்டைக்கும் சம்பந்தம் இருந்தே தீர வேண்டும் என்று யாரும் அடம்பிடிக்கவில்லை. 2008-இல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம், பிரீதம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தமிழ் வெகுஜனக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டபோது, அதுவரை இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத வாசகர்கள் அதை ஷெல்பில் அழகாக வைத்துக்கொண்டார்கள். பெட்டிக் கடையில் தொங்கியபோது கண்ணில் படாதது, வழவழ தாளில் வந்ததும் பட்டது.

கல்லா

பெரும்பாலான மாத நாவல்களுக்கு ஒரு நாவலுக்கு இவ்வளவு என்று ஒரே தொகை. எத்தனை பிரதி விற்றாலும் அதேதான். இந்த ஒரு காரணம் போதும், தமிழில் ஏன் ஆயிரக் கணக்கில் எழுத வேண்டியிருக்கிறது என்பதற்கு. பிரதிக்கு இவ்வளவு என்று பங்கு வரும் இடத்தில் ஒரு நாவல் ஓடினால் அடுத்த வருஷம் மூச்சு விடலாம். தொகை வாங்கிக் கைகழுவும் இடத்தில், இன்று அடுப்பு பற்றவைத்தால்தான் இன்று சோறு. வேகம் எழுத்தாளரின் குணம் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பாதிக்கு மேல் அது கல்லாவின் குணம்.

கடை யாருடையது என்பதும் முக்கியம். இந்தக் கணக்கை நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்துகொண்டவர் வை.மு. கோதைநாயகி அம்மாள். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காதவர். ஆரம்பத்தில் அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். 1925-இல் ஜகன்மோகினி பத்திரிகையைத் தானே எடுத்து நடத்தத் தொடங்கி, ‘வைதேகி’யை அதில் தொடராக வெளியிட்டார். 1960-இல் மறைவதற்குள் 115 நாவல்கள். சமையலும் அவருடையது, அடுப்பும் அவருடையது, கல்லாவும் அவருடையது. காகிதத் தட்டுப்பாடு, சிறை, குடும்பம் எல்லாவற்றுக்கும் நடுவில் கடை திறந்திருந்தது. இவருக்கு இலக்கிய வரலாற்றில் ஒதுக்கிய இடம் அரைப் பத்தி என்பது எனக்கு இன்னும் ஜீரணமாகாத விஷயம்.

ராஜேஷ்குமாருக்கு அமைந்தது இடைப்பட்ட ஏற்பாடு. கிரைம் நாவல் என்ற மாத இதழ் அசோகனுடையது. ஆனால் உள்ளே வருவது ராஜேஷ்குமார் என்பதால்தான் அது விற்றது. மாஸ்டர் பெயரைச் சொல்லிக் கூட்டம் வருகிற கடை மாதிரி. முதலாளிக்கும் மாஸ்டருக்கும் ஒருவரை ஒருவர் விட்டால் ஆகாது.

புளிப்பு

மாவு புளிக்கத்தான் வேண்டும். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. ஆயிரத்தைத் தாண்டி எழுதும்போது முகங்கள் ஒட்டிக்கொள்கின்றன. போன் மணி அடிக்கிறது, ரிசீவரை எடுக்கிறார்கள், மறுமுனையில் ஒரு கரகரத்த குரல். பணக்கார வீட்டுக்கு ஒரு மர்ம வாட்ச்மேன். டாக்டர் என்றால் பாதிக்குப் பாதி சந்தேகத்துக்குரியவர். இதெல்லாம் தெரிந்தே படித்தோம். சில மாதங்களில் இரண்டு தடமும் இயல்பாகச் சேராமல், கடைசிப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து நீண்ட வாக்குமூலம் கொடுத்து முடித்து வைப்பார். சாம்பாரில் பருப்பு வேகவில்லை என்று நாக்குக்குத் தெரிந்துவிடும். அப்போதும் அடுத்த மாதம் வாங்கினோம். ஒரு நாள் சாம்பார் சரியில்லை என்று யாரும் கடையை மாற்றுவதில்லை.

சுஜாதா இதைத் தவிர்த்ததற்கு ஒரு காரணம், அவருக்கு மாதச் சம்பளம் வேறிடத்திலிருந்து வந்தது. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியர். 1968-இல் ‘நைலான் கயிறு’ குமுதத்தில் வந்தபோதே கணேஷ் வந்துவிட்டார். ஆனால் கணேஷை வைத்தே அடுப்பெரிய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பிடித்தபோது எடுத்தார், பிடிக்காதபோது வேறு எழுதினார். நார்வேக்காரர் யூ நெஸ்பூ தன் ஹாரி ஹோலேயை 1997-இல் தொடங்கி இன்னும் இருபது நாவலைத் தொடவில்லை. அந்த ஆளுக்கு வயதாகிறது, அடிபடுகிறது, குடிக்கிறான், திருந்துகிறான். நிதானமாகச் சமைக்க வசதியுள்ள கடையும் மனு நாள் கூட்டத்துக்குச் சமைக்கிற கடையும் ஒரே தராசில் நிற்காது.

கூட்டம் குறைந்த கதையை எல்லோரும் அறிவோம். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் மெகா சீரியல் வந்தது, பிறகு கையில் போன் வந்தது. ஆனால் பசி போய்விட்டது என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சமையல்காரர்கள் பாத்திரத்தோடு இடம் மாறினார்கள். இந்திரா சௌந்தர்ராஜனின் அமானுஷ்யக் கதைகள் ‘மர்மதேசம்’ என்று டெலிவிஷனில் ஊரையே உட்கார வைத்தன. சுபா இருவரும் ‘அயன்’, ‘கோ’ என்று கே.வி. ஆனந்தோடு சினிமாவுக்குப் போனார்கள். 2014-இல் பெங்களூரில் தொடங்கிய பிரதிலிபி செயலியில் இன்று தமிழில் அத்தியாயம் அத்தியாயமாகக் கதைகள் ஓடுகின்றன. எழுதுகிறவர்களில் ஏராளமானோர் பெண்கள், பலர் சமையலறையை முடித்துவிட்டு ராத்திரி போனில் தட்டுகிறவர்கள். அடுத்த அத்தியாயத்தை முன்கூட்டியே படிக்கக் காசு கட்டலாம். ரெயினால்ட்ஸின் பென்னி மறுபடி வந்திருக்கிறது. கீழே உடனுக்குடன் விமர்சனம் வேறு. இலையில் உட்கார்ந்தவர் எழுந்து சமையலறைக்குள்ளேயே வந்து உப்புப் பார்க்கிற காலம்.

கடையைக் கட்டுவது

தொடங்குவதைவிட நிறுத்துவது கஷ்டம். கோனான் டாயில் 1893-இல் ஷெர்லாக் ஹோம்ஸை அருவியில் தள்ளிக் கொன்றார். பத்து வருஷத்துக்குள் பிழைக்க வைக்க வேண்டியதாயிற்று. சாண்டெமோ கெட்டிக்காரி. சாபம் என்று ஒன்றை வைத்தபோதே அது தீர்கிற நாளையும் மறைமுகமாக வைத்துவிட்டார். 47-ஆவது புத்தகத்தில், கதை 1960-ஐத் தொடும்போது கணக்கு நேராகிவிட்டது. வாசகர் முணுமுணுக்க இடமில்லை. ஆனால் அவராலும் சும்மா இருக்க முடியவில்லை. மந்திரவாதி ஒருவனை வைத்து 15 நாவல், பிறகு ஒளியின் ராஜ்யம் என்று இன்னொரு 20. அந்தக் கடைசி வரிசையில் முதல் இரண்டு வரிசைகளின் ஆட்களையும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். 2018-இல், 94 வயதில் இறந்தார்.

நம்மவர்களுக்கு இப்படி ஒரு கடைசிப் பாகம் அமைவதே இல்லை. 1977-இல் தமிழ்வாணன் மறைந்தபோது சங்கர்லாலுக்கு விடைகொடுக்கும் நாவல் எதுவும் எழுதி வைத்திருக்கவில்லை. 2008-இல் சுஜாதா போனார். கணேஷும் வசந்தும் ஏதோ ஒரு கேசின் நடுவில் இருப்பதாகத்தான் வாசகர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். விவேக்குக்கு ஓய்வு பெறும் வயது கணக்குப்படி எப்போதோ தாண்டிவிட்டது. எந்த அரசாணையும் அவரைத் தொடவில்லை.

இதில் புது வாசகருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. பனி மக்களின் சரித்திரத்தை முதல் புத்தகத்திலிருந்து தொடங்கினால்தான் நல்லது. முப்பதாவதில் நுழைந்தால் யார் யாருக்குக் கொள்ளுத்தாத்தா என்று வம்ச மரம் வரைய வேண்டியிருக்கும். விவேக்–ரூபலாவுக்கு அந்தத் தொந்தரவு கிடையாது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த கட்டு ஒன்றை எடுங்கள், நடுவிலிருந்து ஏதாவது ஒன்றை உருவுங்கள், எந்த வருஷம் என்றுகூடப் பார்க்க வேண்டாம். இரண்டாவது அத்தியாயத்தில் ஊர் மாறும்போது மட்டும் பக்கம் விட்டுப்போய்விட்டதோ என்று பயப்படாதீர்கள். கடைசிப் பக்கங்கள் இருக்கின்றனவா என்பதை வாங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். இந்த வகைப் புத்தகங்களில் முதலில் உதிர்வது அவைதான்.